டிஜிசிஏல (விமானப் போக்குவரத்த கண்காணிக்கற மத்திய அரசு அமைப்பு) வேலை கிடைச்சா சென்னைக்கு ட்ரான்ஸ்ஃபர் வாங்க முடியுமா?

ஓமலூர் தம்பி:
அண்ணா, விமானம் பராமரிக்கற இன்ஜினியருக்கான பி1 லைசென்ஸ் இருக்கு, பெங்களூர்ல விமானம் ரிப்பேர் பாக்கற ஹேங்கர்ல வேலை பாக்கறேன். டிஜிசிஏல ஏர்வொர்தினஸ் ஆபீசர், அதாவது விமானம் பறக்க தகுதியா இருக்கானு பாக்கற அதிகாரி ஆகணும்னு ரொம்ப ஆசை. எப்படி எடுப்பாங்க? டெல்லில போட்டா மாறி வரலாமா, அம்மா ஊர்ல தனியா இருக்காங்க. நம்ம சேலம் ஏர்போர்ட் இருக்கற காமலாபுரத்துல போஸ்டிங் இருக்குமா?

அஸ்தம்பட்டி அண்ணன்:
தம்பி, அது யுபிஎஸ்சி மூலமா எடுக்கற வேலை, அவங்க சைட்ல விளம்பரம் வரும்போது ஆன்லைன்ல போடணும். எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட்தான் முக்கியம்பா, கம்பெனி லெட்டர்ஹெட்ல எந்த தேதில இருந்து எந்த தேதி வரை, என்ன வேலை பாத்தேனு தெளிவா இருக்கணும், சும்மா "வேலை செய்தார்"னு ஒரு வரி எழுதி வாங்கிட்டு போனா இன்டர்வியூவுக்கே கூப்பிட மாட்டாங்க, இப்பவே எச்ஆர்கிட்ட கேட்டு வாங்கி வெச்சுக்கோ. காமலாபுரம் ஏர்போர்ட்ட நடத்தறது ஏர்போர்ட்ஸ் அத்தாரிட்டி, அது வேற டிபார்ட்மென்ட்.

ஏற்காடு அடிவாரம்:
இந்தியால எங்க வேணா போடுவாங்க, அத மனசுல வெச்சுட்டு அப்ளை பண்ணுங்க. ஆனா சென்னைல ரீஜனல் ஆபீஸ் இருக்கு, பெங்களூர், கொச்சிலயும் டிஜிசிஏ ஆபீஸ் இருக்கு. காலியிடம் இருந்தாதான் மாத்துவாங்க, அதனால சென்னை மட்டும்னு அடம் பிடிக்காம பெங்களூரும் சேத்து கேளுங்க, அங்கிருந்து ராத்திரி ட்ரெயின் ஏறினா விடியறதுக்குள்ள சேலம் ஜங்ஷன். அம்மாவுக்கு வைத்தியம் ஏதும் நடந்தா அந்த பேப்பரயும் வெச்சு எழுதிக் கொடுங்க.