சிலேடை ஏன் மொழி தாண்ட மாட்டேன் என்கிறது?

மதுரைக்காரன்:
எங்கள் மருமகளுக்கு இந்திதான், தமிழ் இன்னும் பிடிபடவில்லை. வீட்டுக்குள் தொலைத்த சாவியை, அங்கேதான் வெளிச்சம் இருக்கிறது என்று முல்லா தெருவில் தேடுவாரே, அந்தக் கதையை இந்தியில் சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் கார் நின்றுபோய்த் தள்ள வேண்டி வந்த நேரத்தில் சொன்னதாகத் தமிழறிஞர் கி.வா.ஜ. (கி.வா. ஜகந்நாதன்) பேரில் வழங்கும் 'தள்ளாத வயது' சிலேடையைச் சொன்னேன். அரைமணி நேரம் விளக்கியும் சிரிப்பு வரவில்லை. இரண்டும் நகைச்சுவைதானே, என்ன வித்தியாசம்?

வெண்பாப்பித்தன்:
ஐயா, முல்லா கதையில் சிரிப்பு அவர் செய்யும் காரியத்தில் இருக்கிறது, எந்த மொழியில் சொன்னாலும் அந்தக் காரியம் மாறாது. 'தள்ளாத' அப்படி இல்லை. முதுமைத் தளர்ச்சியும் காரைத் தள்ளாமல் இருப்பதும் தமிழில் ஒரே சொல்லுக்குள் வந்து உட்கார்ந்திருக்கின்றன, அந்தச் சொல்லை எடுத்துவிட்டால் மிச்சம் எதுவும் இல்லை. இன்னொன்று, சிலேடை சிரிக்க வைத்தே ஆக வேண்டும் என்பதும் கிடையாது. 15ஆம் நூற்றாண்டுக் காளமேகம் பாம்பையும் வாழைப்பழத்தையும் ஒரே வெண்பாவில் வைத்தார். 'நஞ்சிருக்கும்' என்றால் பாம்புக்கு விஷம், பழத்துக்கு நைந்து கனிந்திருப்பது. தோலுரிக்கும், நாதர் முடிமேல் இருக்கும், பல் பட்டால் மீளாது என்று எல்லாமே இரண்டுக்கும் பொருந்துகிறது. அதைப் படித்து நான் சிரித்ததில்லை, 'அடடா' என்றுதான் வாயில் வரும்.

தேன்மொழி:
எல்லாச் சிலேடையும் தாண்டாது என்று சொல்லிவிட முடியாது அண்ணா. ஜகந்நாதனுக்குப் பூரி பிடிக்காமல் இருக்குமா என்றும் கி.வா.ஜ. பேரில் ஒன்று உண்டு. ஜகந்நாதர் கோயில் இருக்கும் ஊரும் தட்டில் வைக்கும் பூரியும் இந்தியிலும் கிட்டத்தட்ட ஒரே ஒலிதான். மருமகளிடம் அதைச் சொல்லிப் பாருங்கள் ஐயா.

ஏட்டுச்சுவடி:
எழுத்தையும் கவனிக்க வேண்டும். 'பாவம்' என்று எழுதினால் ஐயோ பாவமும் ஆகும், நடனத்தில் காட்டும் பாவமும் ஆகும். வாயால் சொல்லும்போது முதல் எழுத்தின் ஒலியே எது என்று காட்டிக்கொடுத்துவிடும், அதனால் அது காகிதத்தில் மட்டும் நிற்கும் சிலேடை. 'மாலை' என்றால் பேச்சிலும் நிற்கும், எழுத்திலும் நிற்கும். சொல்லைப் பிரிக்காமலே இரு பொருள் தருவது செம்மொழிச் சிலேடை, 'பலகை', 'பல கை' என்று பிரித்தால் வருவது பிரிமொழிச் சிலேடை என்று அணியிலக்கண நூலான தண்டியலங்காரமே வகை சொல்கிறது. இவ்வளவு நுணுக்கமான கலையை மொத்தமாகக் 'கடி' என்று தள்ளுவது எனக்கு வருத்தம்தான். இரண்டு பொருளும் அந்த இடத்துக்குப் பொருந்தாமல் ஒலி மட்டும் ஒத்துப்போனால் அதைக் கடி என்று சொல்லுங்கள், சரி.

மதுரைக்காரன்:
பூரி சொன்னேன். விளக்காமலே சிரித்துவிட்டாள்! நன்றி தேன்மொழி.