உழக்கும் ஆழாக்கும்

குழு: நம்ம வீட்டு ஆட்கள்

செவ்வாய்

கயல் (மாலை 5.10): பஸ்ஸில் இருக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் யாரும் எதுவும் கேட்காதீர்கள், அழுதுவிடுவேன். இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அம்மா: என்னாச்சுடி?

கயல்: இன்றைக்கு எங்கள் பி.எட். காலேஜ் மேடம், நான் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துவதை அப்சர்வ் செய்ய வந்தார். ஏழாம் வகுப்பு, தசம எண்கள். ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்து சார்ட் எழுதினேனே, அது. ஆரம்பத்தில் சும்மா ஒரு கேள்வி கேட்டேன்: 1/4 பெரியதா, 1/8 பெரியதா? மொத்த வகுப்பும் ஒரே குரலில் "1/8 மிஸ்!"

தம்பி: நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன் 😂

கயல்: நாலை விட எட்டு பெரியதாம், அதனால். லெசன் பிளானில் இதற்கு இடமே இல்லை. சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். கடைசி பெஞ்சில் மேடம் எழுதிக்கொண்டே இருந்தார்.

பெரியப்பா: எவ்வளவு நேரம் நின்றாய்?

கயல்: ஒரு நிமிடம் இருக்கும் பெரியப்பா. எனக்கு ஒரு பீரியட் மாதிரி இருந்தது. "ஆயத்தம் போதாது" என்று எழுதிக் கொடுத்தார். அப்புறம் ஸ்டாஃப் ரூமில் வேறு ஒருத்தர், "பி.எட். பிள்ளை சும்மாதானே இருக்கு, 8 ஏ-வுக்கு அனுப்புங்க" என்றார். இன்றைக்கு மட்டும் மூன்று சப்ஸ்டிடியூட் பீரியட்.

அம்மா: அதற்கு ஏதாவது காசு தருவார்களா?

கயல்: ஒரு பைசா கிடையாது. டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு இல்லை, அதனால் தப்பித்தேன்.

பெரியப்பா: முதல் நாள் நான் கரும்பலகையில் என் பெயரையே தப்பாக எழுதினேன் பாப்பா. ஹெட்மாஸ்டர் வாசலில் நிற்கிறார். பிள்ளைகள்தான் திருத்தினார்கள்.

அத்தை: கயல், எட்டு ஆழாக்கு ஒரு படி. நாலு உழக்கு ஒரு படி. அரிசியைக் கொண்டுபோய் அளந்து காட்டு. அண்ணி, அம்மாவின் உழக்கு பரணில்தானே இருக்கிறது? ஆழாக்கு அரிசிப் பானையிலேயே கிடக்கும்.

தம்பி: மிஸ் மியூசியம் நடத்தப் போகிறார்.

அம்மா: அப்பாவை ஏணி போடச் சொல்கிறேன். நீ வா, காபி போடுகிறேன்.

புதன்

கயல் (மாலை 4.50): அத்தை!!!

கயல்: ஒரு பையன் இருக்கிறான். ஐந்து வாரமாக வாயே திறந்ததில்லை, அட்டெண்டன்ஸுக்குக்கூடக் கையைத்தான் தூக்குவான். நான் ஆழாக்கில் அரிசியைக் கோபுரமாக அள்ளினேனா, எழுந்து வந்துவிட்டான். "தலை தட்டணும் மிஸ்." உள்ளங்கையால் ஒரே வழி வழித்தான். அம்மாச்சி வீட்டில் இவன்தான் உலைக்கு அரிசி அளப்பானாம், ஆளுக்கு ஒரு ஆழாக்கு.

அத்தை: அப்புறம்?

கயல்: இரண்டு ஆழாக்கை உழக்கில் கொட்டினான். சரியாக நிறைந்தது. கொஞ்ச நேரம் உழக்கையே பார்த்துவிட்டு, "அப்ப 1/8 ரெண்டு சேந்தாத்தான் 1/4-ஆ மிஸ்?" பின்னால் இருந்து ஒரு "ஓ..." வந்தது பாருங்கள். எனக்குக் கழுத்தெல்லாம் சிலிர்த்துவிட்டது.

பெரியப்பா: கைடு டீச்சர் என்ன சொன்னார்?

கயல்: "கீழே சிந்தின அரிசியைப் பெருக்கிவிட்டுப் போங்க." 😄 மத்தியானம் அவரே வந்து, நாளைக்கு 7 பி-க்கு வேண்டும் என்று வாங்கி பீரோவில் வைத்துவிட்டார்.

பெரியப்பா: அதற்கு மேல் ஒரு சர்டிபிகேட்டும் வேண்டாம்.

கயல்: பெருக்கும்போது அந்தப் பையனும் கூட வந்தான். "நீங்க எத்தனை நாள் இருப்பீங்க மிஸ்? போன வருச பி.எட். மிஸ் சொல்லாமப் போயிட்டாங்க."

அம்மா: எத்தனை நாள்டி?

பெரியப்பா: எங்கள் காலத்தில் பி.எட். ஒரே வருடம். 2015-க்கு அப்புறம்தான் இரண்டு வருடம். பள்ளிக்கூடம் மட்டும் 16 வாரம்.

கயல்: இன்னும் 11 இருக்கிறது. அவனிடம் சொன்னேன். விரல் விட்டு எண்ணினான். ஒன்றும் சொல்லவில்லை.

அத்தை: போகிற நாளைச் சொல்லிவிட்டே போ.

கயல்: ம்.

அம்மா: அதெல்லாம் சரி, ஆழாக்கு எப்போது வரும்? காலையில் டம்ளரில் அளந்து, சாதம் குழைந்துவிட்டது.

கயல்: நாளைக்குச் சாயங்காலம் அம்மா. 7 பி முடியட்டும்.