அரைநாள் வேலைக்கு ஈ.எஸ்.ஐ. நாள் கணக்கு: உதவி வேண்டும்

மார்த்தாண்டம், கருங்கல் பக்கம் அண்டி ஆபீஸில் (முந்திரி ஆலையில்) அரைநாள் வேலை பார்க்கும் அக்காமாருக்காகக் கேட்கிறோம். பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள ஆலையில், மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் பகுதிநேர ஆளுக்கும் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) உண்டு. தினச் சராசரி 176 ரூபாய்க்குள் என்றால் தொழிலாளியிடம் 0.75 சதவீதம் பிடிக்கமாட்டார்கள், முதலாளி 3.25 கட்டியே ஆகவேண்டும். ஆகவே சம்பளச் சீட்டில் பிடித்தம் இல்லை என்பதற்காக ‘நமக்கு இல்லை’ என்று விட்டுவிடாதீர்கள். பலரும் ஏமாறுவது இங்கேதான்.

சிக்கல் நாள் கணக்கில். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 78 நாளுக்குச் சந்தா இருந்தால்தான் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை நோய்க்கால உதவித்தொகை, அதாவது சம்பளத்தில் 70 சதவீதம், கிடைக்கும். சரக்கு வராமல் ஆலை அடைத்தால் நாள் குறையும். அதோடு இரண்டு அரைநாளை ஒருநாளாகப் பதிந்தால் 100 நாள் வந்தவருக்கும் 50தான் நிற்கும்.

இப்படிக் குறைந்த நாளை யாராவது திருத்தி வாங்கியிருக்கிறீர்களா? வருகைப் பதிவேட்டு நகல் போதுமா, முதலாளி கடிதமும் கேட்டார்களா? கிளை அலுவலகத்தில் எழுத்தில் பதில் வாங்கியவர்கள், காப்பீட்டு எண்ணை மறைத்து அந்தத் தாளை இங்கே போடுங்கள். செப்டம்பர் கணக்கு முடியும் முன் தேவை.