‘அயனாவரம் வீடு’ குழுவில் ஒரு சனிக்கிழமை காலை

கார்த்தி, 5:48
அப்பாவுக்கு ஹார்ட் அட்டாக். ஜி.எச்.சில் இருக்கிறோம். இதயக் குழாய் அடைப்பைத் திறந்து ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள். இப்போது ஐ.சி.யூ.வில் இருக்கிறார், கண் விழித்துப் பேசினார். தயவுசெய்து யாரும் அம்மாவுக்கு போன் செய்ய வேண்டாம்.

ரேவதி, 5:51
ஐயோ கார்த்தி. எப்போது?

லட்சுமி பெரியம்மா, 5:52
முருகா

கார்த்தி, 5:55
ராத்திரி 11 மணிக்கே நெஞ்செரிச்சல் என்றார். சோடா குடித்தார். மெயின் ரோட்டு கிளினிக்கில் காட்டினோம். கேஸ் என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். ஈசிஜி எடுக்கவில்லை. 2 மணிக்கு சட்டை நனைகிற அளவு வியர்வை. 108-ஐக் கூப்பிட்டேன்.

மூர்த்தி பெரியப்பா, 5:58
நேற்று சாயங்காலம்கூட என்னோடு பேசினானே. நன்றாகத்தானே இருந்தான்.

பாபு மாமா, 6:01
கிளம்பிவிட்டேன். அக்காவுக்கு இட்லி வாங்கி வரவா?

கார்த்தி, 6:02
வாங்குங்கள் மாமா. சாப்பிடுவாளா தெரியாது.

வசந்தா அத்தை, 6:04
கார்த்தி, எத்தனை மணிக்கு உள்ளே போனீர்கள், எத்தனை மணிக்கு அடைப்பைத் திறந்தார்கள்? எந்தக் குழாய்?

கார்த்தி, 6:07
2:50-க்கு நுழைந்தோம் அத்தை. 4 மணிக்குள் முடிந்துவிட்டது. வலது பக்கக் குழாய் என்றார் டாக்டர்.

வசந்தா அத்தை, 6:15
ஒன்றரை மணி நேரத்துக்குள். நல்லது. அந்த நேரக் கணக்குக்குத்தான் ஆஸ்பத்திரியில் எல்லாரும் ஓடுவோம். ரத்தம் போகாமல் நின்ற இடத்தில் இதயத் தசை நிமிடத்துக்கு நிமிடம் செத்துக்கொண்டே போகும். செத்த தசை திரும்ப வராது. பலூன் விட்டு அடைப்பைத் திறக்க வசதி இல்லாத ஊரில் கட்டியைக் கரைக்கிற ஊசி போடுவார்கள், அதுவும் முதல் சில மணி நேரத்தில் போட்டால்தான் முழுப் பலன்.

சேகருக்கு ஏன் கேஸ் மாதிரி இருந்தது என்று கேட்பீர்கள். வலது குழாய் பெரும்பாலும் இதயத்தின் அடிப்பக்கத்துக்கு ரத்தம் கொடுப்பது. அந்தப் பக்கம் வயிற்றை ஒட்டி இருக்கிறது. அங்கே அடைத்தால் மேல்வயிற்றில் எரிச்சல், குமட்டல், ஏப்பம் என்றுதான் பலருக்குத் தெரியும். அவனுக்கு 11 வருடமாகச் சர்க்கரை வேறு. நரம்பு மரத்திருந்தால் வலியே சரியாகத் தெரியாது. பெண்கள் பலருக்கும் இப்படித்தான், மூச்சு வாங்கும், முதுகு வலிக்கும், காரணமில்லாமல் அசதியாக இருக்கும். சினிமாவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவது போல் எல்லாருக்கும் வராது.

லட்சுமி பெரியம்மா, 6:17
எனக்கு முதுகு வலிக்கிறதே வசந்தா

வசந்தா அத்தை, 6:18
அண்ணி, உங்களுக்கு 2009-லிருந்து வலிக்கிறது. ஆனாலும் ஒரு ஈசிஜி எடுங்கள்.

தினேஷ், 6:24
அம்மா, சேகர் மாமா ஒல்லியாகத்தானே இருக்கிறார்? கொழுப்பு எங்கிருந்து வந்தது?

வசந்தா அத்தை, 6:31
உடம்பைப் பார்த்துச் சொல்ல முடியாது தினேஷ். கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியைக் கல்லீரலே செய்கிறது. அதில் எல்.டி.எல். என்கிற கெட்ட கொலஸ்ட்ரால் அதிகமானால் ரத்தக்குழாய்ச் சுவருக்குள் புகுந்து படியும். பி.பி.யும் சர்க்கரையும் சிகரெட்டும் அந்தச் சுவரைப் புண்ணாக்கும். இருபது முப்பது வருடம் சத்தமில்லாமல் நடக்கும். ஒருநாள் அந்தப் படிவு வெடிக்கும், அதன்மேல் ரத்தம் உறையும், குழாய் மூடிவிடும். பாதி அடைப்பு இருந்தவருக்குக்கூட இப்படி ஒரே ராத்திரியில் முழு அடைப்பு வரலாம்.

நீயும் பெங்களூரில் ராத்திரி பகலாக வேலை செய்கிறாய். 34 வயது. தாத்தா, இப்போது மாமா. கொலஸ்ட்ரால், சர்க்கரை, பி.பி. மூன்றும் இந்த வாரமே பார்.

தினேஷ், 6:32
சரிம்மா

ரேவதி, 6:33
பார்த்துவிட்டு ரிப்போர்ட்டை இங்கே போடு. சரிம்மா என்று 3 வருடமாகச் சொல்கிறாய்.

மூர்த்தி பெரியப்பா, 6:40
*பலமுறை பகிரப்பட்டது* தனியாக இருக்கும்போது மாரடைப்பா? பயப்படாதீர்கள்! மூச்சை இழுத்துப் பலமாக இருமிக்கொண்டே இருங்கள்! இதயம் தானாக இயங்கும்! 10 பேருக்கு அனுப்புங்கள்!

பாபு மாமா, 6:41
மூர்த்தி மாமா ஆரம்பித்துவிட்டார்

வசந்தா அத்தை, 6:47
அண்ணா, இதை வேறு குழுவில் போட்டிருந்தால் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். இருமுவதால் அடைப்பு திறக்காது. இருமிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற நேரம்தான் வீண். 108-ஐக் கூப்பிட்டு, கதவைத் திறந்து வைத்துவிட்டு, உட்கார வேண்டும். தானே வண்டி ஓட்டிக்கொண்டு போகக் கூடாது. ஆஸ்பிரின் 300 மி.கி. மென்று விழுங்கச் சொல்வார்கள், ஆனால் அலர்ஜி, ரத்தக்கசிவு உள்ளவர்களுக்குக் கூடாது, கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும். நம் ஊர் சுகாதார நிலையங்களில்கூட 2023-லிருந்து ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் முதல் டோஸ் மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள்.

யாராவது மயங்கி விழுந்து மூச்சில்லை என்றால் நெஞ்சின் நடுவில் இரண்டு கையும் வைத்து அழுத்துங்கள். 5 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஆம்புலன்ஸ் வரும்வரை.

மூர்த்தி பெரியப்பா, 6:49
நல்லதுக்குத்தானே அனுப்பினேன்

வசந்தா அத்தை, 6:58
தெரியும் அண்ணா. 1996-இல் அப்பாவுக்கும் நாம் நல்லதுக்குத்தான் ஓம வாட்டர் கொடுத்தோம். வாயு என்று படுக்க வைத்தோம். நான் நைட் டூட்டி முடிந்து வந்தபோது வாசலில் பெஞ்சு போட்டிருந்தது. ராத்திரி கார்த்தி போன் செய்து கேஸ் என்று சொன்னதும் எனக்கு அந்தப் பெஞ்சுதான் கண்ணில் வந்தது. ஊசி போட்டாலும் பரவாயில்லை, 108-ஐக் கூப்பிடு என்று கத்தினேன்.

மூர்த்தி பெரியப்பா, 7:01
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

ரேவதி, 7:03
அத்தை, அப்பா அதைப் பற்றி வீட்டில்கூடப் பேசமாட்டார். விடுங்களேன்.

வசந்தா அத்தை, 7:06
அவரைக் குறை சொல்லவில்லைம்மா. நான் வீட்டில் இருந்திருந்தாலும் ஓம வாட்டர்தான் கொடுத்திருப்பேனோ என்னவோ. அப்போது நான் நர்ஸாகி 3 வருடம்தான்.

பாபு மாமா, 7:15
அக்கா 2 இட்லி சாப்பிட்டாள். அப்புறம் ஒரு விஷயம். அடுத்த மாதம் 12-ந் தேதி திருக்கடையூருக்கு பஸ் பேசியிருக்கிறோமே. அட்வான்ஸ் கேட்கிறான்.

ரேவதி, 7:16
மாமா, இப்போதா?

லட்சுமி பெரியம்மா, 7:18
அறுபதாம் கல்யாணத்தைத் தள்ளிப் போடக்கூடாது என்பார்கள்

கார்த்தி, 7:20
அம்மாவும் அதையேதான் சொல்கிறாள். அபிராமியிடம் வேண்டிக்கொண்டாளாம்.

வசந்தா அத்தை, 7:29
ஆறேழு மணி நேரப் பயணம். ஹோமப் புகை, பட்டினி, நூறு பேர் காலில் விழுவது. டாக்டர் எக்கோ ஸ்கேன் பார்த்து, இதயத்தின் பம்பிங் எவ்வளவு என்று சொன்ன பிறகுதான் பேச வேண்டும்.

அதைவிட முக்கியம் மாத்திரை. ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரினும் குளோபிடோக்ரல் மாதிரி இன்னொன்றும் எழுதுவார்கள், இரண்டும் சேர்த்துப் பெரும்பாலும் ஒரு வருடம். பல் பிடுங்கணும், விரதம், நன்றாகிவிட்டது என்று நாமாக நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்துவிடும். கொலஸ்ட்ராலைக் குறைக்கிற ஸ்டாடின் மாத்திரையும் விடக் கூடாது, எல்.டி.எல். குறைந்தபட்சம் 70-க்குக் கீழே வர வேண்டும். ஸ்டென்ட் அந்த ஒரு இடத்தைத்தான் திறந்திருக்கிறது. மற்ற குழாய்களில் இருப்பது அப்படியேதான் இருக்கிறது.

கார்த்தி, 7:31
சிகரெட்?

வசந்தா அத்தை, 7:35
இன்றோடு முடிந்தது. விட்டால் ஒரு வருடத்தில் ஆபத்து ஏறக்குறைய பாதியாகும், அதை அவனிடம் நானே சொல்கிறேன். டீக்கடைக்கு நீ கூடப் போ. மல்லிகா, நீ படித்தால்: உப்பு எல்லாம் சேர்த்து ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு டீஸ்பூனுக்குள். ஊறுகாய், அப்பளம், கருவாடு அதற்குள்ளேயே கணக்கு.

பாபு மாமா, 7:36
கருவாடு இல்லாத மாமாவை நான் பார்த்ததே இல்லை

லட்சுமி பெரியம்மா, 7:38
போன தடவை கொடுத்த மாவடு ஜாடி இன்னும் மல்லிகாவிடம்தான் இருக்கிறது

மூர்த்தி பெரியப்பா, 8:17
வசந்தா. ஒன்று கேட்க வேண்டும். இரண்டு வாரமாக தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலம் ஏறினால் நெஞ்சை இறுக்குகிறது. தாடையிலும் வலி. ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் போய்விடுகிறது. வயசுக் கோளாறு என்று நினைத்தேன்.

ரேவதி, 8:17
அப்பா!!

லட்சுமி பெரியம்மா, 8:18
என்னிடம் சொல்லவே இல்லை

வசந்தா அத்தை, 8:20
அண்ணா, இப்போது வலி இருக்கிறதா?

மூர்த்தி பெரியப்பா, 8:22
இல்லை. உட்கார்ந்துதான் இருக்கிறேன். திங்கட்கிழமை போய்க் காட்டுகிறேன். இன்று சேகரைப் பார்க்க வேண்டும்.

வசந்தா அத்தை, 8:26
திங்கட்கிழமை வேண்டாம், இன்றைக்கே. புதிதாக ஆரம்பித்த வலியைத் தள்ளிப் போடக் கூடாது. ஈசிஜி நார்மல் என்று வந்தாலும் கிளம்பி வராதீர்கள், சும்மா இருக்கும்போது எடுத்தால் நார்மலாகவே காட்டலாம். இதயத் தசை பாதித்திருக்கிறதா என்று காட்டுகிற ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை கேளுங்கள், நடந்தால் வருகிறது என்று தெளிவாகச் சொல்லுங்கள். உட்கார்ந்திருக்கும்போதே வலி வந்தால் உடனே 108. படி ஏறாதீர்கள். லிஃப்ட் ஓடுகிறதா?

லட்சுமி பெரியம்மா, 8:27
செவ்வாய்க்கிழமையிலிருந்து ஓடவில்லை. அசோசியேஷனில் சொன்னால் யார் கேட்கிறார்கள்

ரேவதி, 8:28
ஆதம்பாக்கத்திலிருந்து கிளம்பிவிட்டேன். அப்பா, நான் வரும்வரை கீழே இறங்காதீர்கள். பழைய மருந்துச் சீட்டெல்லாம் எடுத்து வையுங்கள் அம்மா.

மூர்த்தி பெரியப்பா, 8:30
முதலில் சேகர், அப்புறம் நான்

வசந்தா அத்தை, 8:31
சேகரை நான் பார்த்துக்கொள்கிறேன் அண்ணா. போங்கள்.

மூர்த்தி பெரியப்பா, 8:39
ம்

கார்த்தி, 8:44
அப்பா கேட்கிறார், பெரியப்பா வந்தாரா என்று. என்ன சொல்ல?

ரேவதி, 8:45
வழியில் இருக்கிறார் என்று சொல்

பாபு மாமா, 8:52
பஸ்காரன் மறுபடி கூப்பிடுகிறான்