ஒப்பந்தம் இல்லையென்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டுமா?

குடியிருப்போன்:
தமிழ்நாட்டின் 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு, 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தபின், எழுத்துவழி ஒப்பந்தம் செய்துகொள்ளாததே குடியிருப்பவரை வெளியேற்றக் கோரும் காரணங்களுள் ஒன்றாகிவிட்டது. கையெழுத்திட மறுத்தவர் வீட்டு உரிமையாளராகவே இருந்தாலும் வீட்டை இழக்கப்போகிறவர் வாடகைதாரர்தான். தன் மறுப்பைக் கொண்டே ஒருவர் வழக்கை வெல்லலாம் என்பது எனக்கு முறையாகத் தோன்றவில்லை.

மாடிவீட்டுக்காரர்:
பழைய சட்டத்தில் வீட்டு உரிமையாளர்களாகிய நாங்கள் பட்டதையும் சற்று எண்ணிப் பாருங்கள், ஐயா. வாடகை பாக்கி இருந்தால் மட்டும் போதாது. அதை வேண்டுமென்றே வைத்தார் என்றும் மெய்ப்பிக்க வேண்டும். அதன்பின் வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரி, மேல்முறையீடு, உயர் நீதிமன்றச் சீராய்வு என்று படியேறி முடிப்பதற்குள் வாடகைதாரரின் மகன் அதே வீட்டில் குடும்பத் தலைவராகியிருப்பார். மேலும், ஒப்பந்தம் எழுதினால் வாடகை உயர்வும் காலவரையும் தாளில் ஏறிவிடும் என்று நழுவுகிறவர்கள் பெரும்பாலும் பழைய வாடகைதாரர்களே.

குடியிருப்போன்:
நழுவுகிறவர்களுக்காக நான் வாதாடவில்லை. இரண்டு மாத வாடகை நிலுவையில் இருந்து, அறிவிப்பு கிடைத்த ஒரு மாதத்திற்குள் அதைச் செலுத்தாவிட்டால் வெளியேற்றலாம் என்று புதிய சட்டம் சொல்கிறது. அதையும் ஏற்கிறேன், ஏனெனில் அங்கே பணத்தைக் கட்டித் தப்பிக்க ஒரு வழி இருக்கிறது. ஒப்பந்தம் இல்லை என்ற காரணத்திலோ, எதிர்த்தரப்பு பேனாவை எடுக்காதவரை வாடகைதாரர் தனியாகச் செய்யக்கூடியது எதுவுமில்லை.

வழக்காடி:
மாடிவீட்டுக்காரர் சொல்லும் தாமதம் உண்மைதான், ஆனால் அது கேட்ட கேள்விக்கு விடையாகாது. ஒப்பந்த வரைவைப் பதிவு வசதியுடன் விரைவுத் தபாலில் உரிமையாளருக்கு அனுப்பி, அவர் பெற்றுக்கொண்டதற்கான சான்றைப் பத்திரப்படுத்துமாறு வாடகைதாரர்களிடம் சொல்வேன். மறுத்தவர் யார் என்ற வாதத்தை வாடகை நீதிமன்றத்தில் எழுப்ப அதுவே சான்றாகும். அந்த நீதிமன்றத்தின் உத்தரவின்றித் தண்ணீரை நிறுத்தியோ பூட்டுப் போட்டோ யாரையும் வெளியேற்ற முடியாது என்பதையும் இங்குள்ள உரிமையாளர்கள் நினைவில் கொள்ளட்டும்.

மாடிவீட்டுக்காரர்:
பூட்டுப் போடுவதை நானும் ஆதரிக்கவில்லை. ஆனால் பத்தாண்டுக்கு முந்தைய வாடகையை எழுதி அனுப்பினால் அதை ஒப்பந்த வரைவு என்று நான் ஏற்க வேண்டுமா? வாடகைத் தொகையில் உடன்பாடு இல்லாமல் கையெழுத்திடாததை மறுப்பு என்று சொல்லாதீர்கள்.