மறு: கோட் எடிட்டர் – தொகுப்பானா, திருத்தியா?

வணக்கம் நண்பர்களே,

நம் நிரலாக்கக் கையேட்டின் ‘எந்த எடிட்டரைத் தேர்ந்தெடுப்பது’ அத்தியாயத்தில், கோட் எடிட்டருக்கு, அதாவது நிரலைத் தட்டச்சு செய்து மாற்ற உதவும் மென்பொருளுக்கு, தமிழ்ச் சொல்லாக வந்திருக்கும் ‘நிரல் தொகுப்பான்’ எனக்கு உடன்பாடில்லை. விக்கிப்பீடியாவில் ‘தொகு’ பொத்தானை அழுத்திப் பழகியவர்களுக்கு அது இயல்பாகத்தான் இருக்கும், சரி. ஆனால் நிரலைக் கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றும் கம்பைலரையும் பல இடங்களில் தொகுப்பி என்றே எழுதிவருகிறோமே! சி நிரல்மொழி படிக்க வரும் மாணவர் “தொகுப்பானை நிறுவுங்கள்” என்று படித்துவிட்டு ஜிசிசி என்ற கம்பைலரை நிறுவி, நிரலை எங்கே தட்டச்சு செய்வது என்று தேடிக்கொண்டிருப்பார். ஒரு விகுதி வேறுபாட்டை நம்பி இரண்டு கருவிகளைப் பிரிக்க முடியாது.

‘பதிப்பி’ வேண்டாம், புத்தகம் அச்சிடும் பக்கம் போய்விடும். ‘நிரலெழுதி’ காதுக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் ஆளைச் சொல்கிறதா மென்பொருளைச் சொல்கிறதா? என் வாக்கு ‘நிரல் திருத்தி’க்கு. திருத்தி என்றால் பிழை திருத்துவதுதானே, நிரலில் உள்ள பிழையைக் கண்டுபிடிக்க உதவும் டிபக்கரோடு குழம்பாதா என்பீர்கள். அதற்குத்தான் ‘வழுநீக்கி’ இருக்கிறதே, அதை விடாமல் பயன்படுத்தினால் போதும்.

நிரலை எழுதுவது, இயக்குவது, வழு நீக்குவது எல்லாம் ஒரே மென்பொருளில் இருக்கும் ஐடிஇ-க்கு ‘ஒருங்கிணைந்த நிரலாக்கச் சூழல்’ இருக்கட்டும். சிக்கல் மைக்ரோசாஃப்டின் விஎஸ் கோடில்தான். 2015இல் வந்தபோதே அது திருத்திதான், ஆனால் பைத்தான் மொழிக்கான நீட்சியை (கூடுதல் வசதி தரும் இணைப்பை) போட்டதும் பாதி சூழலாகிவிடுகிறது. 2016இல் மொழிச் சேவையக நெறிமுறை (எல்எஸ்பி, திருத்தியும் நிரல்மொழிக்கான உதவிக் கருவியும் பேசிக்கொள்வதற்கான பொது விதி) வந்தபின் அதே தானாக நிரப்பும் வசதியும் பிழைக்கு அடிக்கோடிடுவதும் விம், ஈமேக்ஸ் போன்ற பழைய திருத்திகளிலும்கூடக் கிடைக்கின்றன. ஆகவே இவற்றையெல்லாம் திருத்தி என்றே சொல்வோம், பைசார்ம், எக்லிப்ஸ் வகையறாவுக்கு மட்டும் சூழல்.

அப்புறம், தமிழ் எழுத்து பற்றி ஒரு பத்தி கட்டாயம் வேண்டும். பைத்தான் 3இல் மாறிக்கு (வேரியபிளுக்கு) தமிழ்ப் பெயரே வைக்கலாம். ஆனால் ‘கொடு’ கண்ணுக்கு இரண்டெழுத்து, யூனிகோடில் நான்கு குறியீடுகள். முனையத்தில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலில்) திறந்தால் சில நேரம் கர்சர் ஓரிடத்திலும் எழுத்து வேறிடத்திலும் நிற்கும், பேக்ஸ்பேஸ் தட்டினால் கொம்பும் காலும் மட்டும் போகுமா முழு எழுத்தும் போகுமா என்பது தட்டிப் பார்த்தால்தான் தெரியும். எந்தத் திருத்தியை நிறுவினாலும் முதலில் இந்தச் சொல்லை அடித்துப் பார்க்கச் சொல்லலாம்.

அத்தியாயத்தின் பழைய வரைவில் ஆட்டம் (Atom) என்ற திருத்திதான் முதல் பரிந்துரையாக இருக்கிறது. அது 2022 டிசம்பரிலேயே நிறுத்தப்பட்டுவிட்டது, நான் நீக்கிவிடுகிறேன். ‘நிரல் திருத்தி’க்கு மறுப்பு இருந்தால் அத்தியாயத் தலைப்பை மாற்றுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.