ஆடிக் காற்றும் ஜெனரேட்டரும்

குழு: பெரிய வீடு
ஞாயிற்றுக்கிழமை

கோவை அத்தை, 11:42
யாராவது இருக்கிறீர்களா? இங்கே கரண்ட் போய் ஒன்றரை மணி நேரம் ஆகிறது. காற்றில் தென்னை மட்டை லைன் மேல் விழுந்துவிட்டதாம். கிரைண்டரில் மாவு பாதியில் நிற்கிறது.

வள்ளியூர் பெரியப்பா, 11:45
எங்கள் பக்கம் காற்றாடி எல்லாம் நிற்காமல் சுற்றுகிறதே அம்மா. ஒரு பக்கம் முப்பந்தல் காற்றாலைகள், ஒரு பக்கம் கூடங்குளம் அணுமின் நிலையம். இங்கிருந்து இவ்வளவு கரண்ட் போகிறது, உனக்கு இல்லையா?

அப்பா, 11:51
அண்ணே, கோவைக்குக் கரண்ட் வந்துகொண்டுதான் இருக்கிறது. அவள் தெருவுக்கு வரும் கடைசிக் கம்பியில்தான் இல்லை. கூடங்குளத்தில் ஜெனரேட்டரிலிருந்து 24 ஆயிரம் வோல்ட்டில் வெளியே வருகிறது. அங்கேயே 4 லட்சம் வோல்ட்டாக ஏற்றி டவர் லைனில் அனுப்புகிறார்கள். வழியில் துணை மின் நிலையங்களில் 2 லட்சத்து 30 ஆயிரம், 1 லட்சத்து 10 ஆயிரம், 11 ஆயிரம் என்று இறக்கி, தெருமுனை டிரான்ஸ்பார்மர் தாண்டி வீட்டுக்குள் 230 ஆக வருகிறது. மேலே ஒரு டவர் லைன் போனால் பெரும்பாலும் மாற்று வழி இருக்கும். தெருவுக்கு ஒரே வழிதான்.

நான், 11:53
எப்படியும் இறக்கத்தானே போகிறார்கள், எதற்கு ஏற்ற வேண்டும் அப்பா?

அப்பா, 11:56
கம்பி சூடாகி வீணாவதைக் குறைக்க. அதே மெகாவாட்டைப் பத்து மடங்கு வோல்ட்டில் அனுப்பினால் ஆம்பியர் பத்தில் ஒன்றாகிவிடும். வெப்பமாகப் போகிற நஷ்டம் நூறில் ஒன்று. இதைச் செய்யாவிட்டால் வள்ளியூர் காற்று கோவையில் மிக்சி ஓட்டாது.

அத்தை மகன், 12:04
மாமா, மாடியில் சோலார் இருக்கிறது. வெயிலும் நன்றாக அடிக்கிறது. ஆனால் கரண்ட் போனதும் அதுவும் நின்றுவிட்டது. மாட்டிக் கொடுத்தவரைக் கேட்டால் அப்படித்தான் நிற்கும் என்கிறார்.

அப்பா, 12:07
அவர் சொன்னது சரி. உன் இன்வெர்ட்டர் லைனில் வரும் 50 ஹெர்ட்ஸைப் (நொடிக்கு 50 அலை) பார்த்து அதோடு சேர்ந்து ஓடுவது. லைனில் கரண்ட் இல்லை என்று தெரிந்ததும் ஓரிரு நொடிக்குள் தன்னைத் துண்டித்துக்கொள்ளும். போஸ்ட்டில் ஏறுகிறவர் உயிருக்காக அப்படிச் செய்து வைத்திருக்கிறார்கள்.

அத்தை மகன், 12:09
சரி மாமா. நண்பன் வீட்டிலிருந்து சின்ன ஜெனரேட்டர் எடுத்து வந்துவிட்டேன். ஒயரின் இரண்டு முனையிலும் பிளக் மாட்டி ஹாலில் உள்ள பவர் பிளக்கில் செருகினால் வீடு முழுவதும் வந்துவிடும்.

அப்பா, 12:09
செருகாதே.

அப்பா, 12:09
ஸ்டார்ட் செய்துவிட்டாயா?

அப்பா, 12:10
போனை எடு.

அத்தை மகன், 12:13
இல்லை மாமா, இன்னும் செய்யவில்லை. மெயினை ஆஃப் செய்துவிட்டுத்தான் செருகுவேன்.

அப்பா, 12:24
நிதானமாகப் படி. வெளியிலிருந்து வீட்டுக்கு வரும் கம்பி, வீட்டிலிருந்து வெளியே போகவும் அதே கம்பிதான். மெயின் ஆனில் இருந்தால் உன் 230 வோல்ட் தெருக்கம்பிக்குப் போகும். தெருமுனை டிரான்ஸ்பார்மர் 11 ஆயிரத்தை இறக்குவது போலவே, கீழிருந்து வருவதை 11 ஆயிரமாக ஏற்றியும் விடும். அதற்குத் திசை தெரியாது. பக்கத்து வீடுகளின் லோடு தாங்காமல் ஜெனரேட்டர் நின்றுவிடும் என்று சிலர் சொல்வார்கள். கம்பி அறுந்து உன் வீட்டோடு நாலு வீடுதான் அந்தத் துண்டில் இருக்கிறது என்றால் நிற்காது.

நான் கரண்ட் ஆபீஸ் வேலையில் சேர்ந்த மூன்றாம் வருடம். எல்.சி. (லைனில் வேலை செய்ய அனுமதி) வாங்கி, லைனைத் துண்டிக்கும் ஏ.பி. ஸ்விட்சைத் திறந்துவிட்டு ஒரு உதவியாளரைப் போஸ்ட்டில் ஏற்றினோம். கம்பியைத் தரையோடு இணைக்கும் எர்த் ராட் போடுவதற்குள் கம்பியில் கை வைத்துவிட்டார். ஒரு வீட்டில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. இடுப்பில் கயிறு கட்டியிருந்ததால் விழவில்லை. வலது கையில் இரண்டு விரல் போயிற்று. அந்த வீட்டுக்காரரும் மெயினை ஆஃப் செய்கிறவர்தான். அன்று மறந்துவிட்டார்.

இன்னொன்று. அந்த ஒயரின் ஒரு முனை ஜெனரேட்டரில் இருக்கும்போது மறுமுனை பிளக்கின் பின்களில் கரண்ட் இருக்கும். உன் பெண் குழந்தை தவழ்கிற ஹால் அது.

கோவை அத்தை, 12:26
அண்ணா, ஒயரை நான் பிடுங்கி வைத்துவிட்டேன்.

அத்தை மகன், 12:27
தெரியாமல் செய்யப் பார்த்தேன் மாமா. பிரிட்ஜ் மட்டும் ஓட்ட என்ன வழி?

அப்பா, 12:30
ஜெனரேட்டரை வாசலில் வை, புகை உள்ளே வரக்கூடாது. அதிலிருந்து நேராக எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்து பிரிட்ஜை அதில் செருகு. வீட்டு ஒயரிங்கைத் தொடாதே. நிரந்தரமாக வேண்டும் என்றால் எலக்ட்ரீஷியனை வைத்து சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் போடு. அது ஒரு பக்கம் திரும்பினால் மறுபக்கம் தானாகத் துண்டாகிவிடும்.

டெல்லி சித்தப்பா, 12:41
இப்போதுதான் பார்த்தேன். 2012 ஜூலை 31 ஞாபகம் வருகிறது அண்ணா. மெட்ரோ பாதியில் நின்று மக்கள் நடந்தே போனார்கள். அதற்கு முந்தைய நாளும் கரண்ட் போயிருந்தது. தமிழ்நாட்டில் ஒன்றும் ஆகவில்லை என்றீர்களே, எப்படி?

அப்பா, 12:52
அன்று வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூன்று கிரிட்டும் (மின் நிலையங்களையும் லைன்களையும் இணைக்கும் வலை) ஒன்றாக விழுந்தன. 60 கோடிப் பேருக்கு மேல் கரண்ட் இல்லை. தெற்கு அவற்றோடு ஒரே சுருதியில் ஓடவில்லை. டி.சி. (நேர்மின்சார) இணைப்பு வழியாகத்தான் கரண்ட் வாங்கிக்கொண்டிருந்தோம், அதனால் அந்த அதிர்ச்சி நம்மைத் தொடவில்லை. ஆனால் அந்த வருடம் நம் ஊரில் எத்தனை மணி நேர மின்வெட்டு என்று மறந்துவிட்டாயா? வடக்கே மிச்சம் இருந்தாலும் கொண்டுவரப் போதுமான லைன் இல்லை. 2013 டிசம்பர் 31-ல் ராய்ச்சூர் - சோலாப்பூர் 7 லட்சத்து 65 ஆயிரம் வோல்ட் லைனில் சேர்த்த பிறகுதான் நாடு முழுவதும் ஒரே கிரிட். இப்போது சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் புகளூருக்கு 6000 மெகாவாட் டி.சி. லைனே இருக்கிறது.

நான், 12:55
ஒரே சுருதி என்றால்?

அப்பா, 13:03
கூடங்குளம் டர்பைனும் நெய்வேலி டர்பைனும் நிமிடத்துக்கு 3000 சுற்று, நொடிக்கு 50. அதுதான் 50 ஹெர்ட்ஸ். நாட்டில் எங்கே லோடு கூடினாலும் எல்லாம் சேர்ந்து கொஞ்சம் வேகம் குறையும். லோடு குறைந்தால் வேகம் கூடும். லைனில் கரண்டைச் சேர்த்து வைக்க முடியாது, எரிக்கிற அளவுக்கு அந்த நொடியே உற்பத்தி செய்ய வேண்டும். 2020 ஏப்ரல் 5 இரவு 9 மணிக்கு 9 நிமிடம் விளக்கை அணைத்தோமே, சுமார் 31 ஆயிரம் மெகாவாட் சட்டென்று இறங்கியது. நீர்மின் நிலையங்களை வேகமாகக் குறைத்து, திரும்ப வேகமாக ஏற்றி சமாளித்தார்கள். நான் அன்று விளக்கைப் பார்க்கவில்லை, ஃப்ரீக்வென்சியைத்தான், அந்த 50 ஹெர்ட்ஸைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். 49.7-க்குக் கீழே போகவில்லை. கண் கலங்கிவிட்டது.

வள்ளியூர் பெரியப்பா, 13:06
ராத்திரி காற்று அதிகமாக அடித்தால் அந்தக் கரண்டை என்ன செய்வார்கள் தம்பி?

அப்பா, 13:09
கொஞ்சத்தைக் காடம்பாறைக்கு அனுப்பலாம் அண்ணே. மிச்சக் கரண்டில் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றிவிட்டு, தேவைப்படும்போது கீழே விட்டு 400 மெகாவாட் எடுக்கலாம். ஆனைமலையில் இருக்கிறது. அது போல் இன்னும் நாலு வேண்டும் நமக்கு.

கோவை அத்தை, 14:38
கரண்ட் வந்துவிட்டது!

அப்பா, 14:38
லைன்மேன் கீழே இறங்கிவிட்டாரா?

அத்தை மகன், 14:40
இறங்கிவிட்டார் மாமா. இரண்டு பேர் வந்திருந்தார்கள். வாசலில் உட்கார்ந்து மோர் குடிக்கிறார்கள்.